துருப்பிடித்த பழைய கேஸ் கிரில்லை மீட்டெடுப்பது எப்படி?

பழைய கேஸ் கிரில்லில் முதலில் கண்ணில் படுவது கேபினெட்டின் துருதான். பலரும் அதைப் பார்த்தே வேண்டாம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வேறு சிலர் ஒரு ஸ்ப்ரே பெயின்ட் டப்பாவோடு அந்தத் துருவின் மேலேயே பாய்கிறார்கள். இரண்டும் அவசரம். கேபினெட் வெறும் தாங்குபெட்டி, தகட்டை மாற்றினால் தீர்ந்துவிடும். கிரில் தேறுமா என்பதைச் சொல்வது மேலே உள்ள தீப்பெட்டியும் (பர்னர்கள் உட்காரும் பெட்டியைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறோம்), அதைத் தாங்கும் சட்டமும், எரிவாயு போகும் பாதையும்தான்.

தேறுமா, தேறாதா?

ஒரு தட்டை ஸ்க்ரூ டிரைவரும் ஒரு காந்தமும் போதும். கேபினெட்டின் அடித்தட்டு, கால்களின் நுனி, சக்கரம் பூட்டிய இடம், தீப்பெட்டி அமர்ந்திருக்கும் நான்கு மூலைகள் ஆகியவற்றை ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திக் குத்திப் பாருங்கள். மேலே துரு உதிர்ந்து உள்ளே கெட்டியான இரும்பு தட்டுப்பட்டால் நல்லது. முனை உள்ளே இறங்கினால் அந்த இடம் போய்விட்டது என்று பொருள். அடித்தட்டு போயிருந்தால் கவலை வேண்டாம். தீப்பெட்டியைத் தாங்கும் மேல்சட்டமோ அதன் வெல்டிங்கோ போயிருந்தால் விட்டுவிடுங்கள். சூடான, கனமான பெட்டி சரிந்து விழுந்தால் அதன் கீழே இருப்பது எரிவாயு ஹோஸ்.

அடுத்து தீப்பெட்டியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாமல், கனத்த வார்ப்பாக இருந்தால் அது பெரும்பாலும் அலுமினியம். அது துருப்பிடிக்காது, வெள்ளைப் பொடி மட்டும் பூக்கும், துலக்கினால் போய்விடும். இத்தகைய கிரில்லைத்தான் மீட்டெடுக்கக் கை கூசாமல் எடுக்கலாம். காந்தம் ஒட்டும் தகட்டுப் பெட்டியாக இருந்து அதில் ஓட்டை விழுந்திருந்தால் ஒட்டுப்போட வேண்டாம். தீச்சுடரும் கொதிக்கும் கொழுப்பும் அந்த ஓட்டை வழியாகக் கேபினெட்டுக்குள் இறங்கும்.

பர்னர், பர்னருக்கு மேலே கூரை மாதிரி நிற்கும் தகடு, உணவை வைத்துச் சுடும் கம்பித்தட்டு, ஹோஸ் எல்லாம் தேய்ந்து மாற்றப்படுபவைதான். அவை இப்போதும் கிடைக்கின்றனவா என்பதை வேலை தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். மாடல் எண் உள்ள ஸ்டிக்கர் கதவின் உட்புறத்திலோ பின்பக்கத் தகட்டிலோ இருக்கும். துரு அதைத் தின்பதற்குள் படம் எடுத்து வையுங்கள். எந்த எரிவாயு, எத்தனை மில்லிபார் அழுத்தம் என்பதும் அதில்தான் இருக்கும். எல்பிஜி கிரில்கள் பொதுவாக 28 முதல் 37 மில்லிபாரில் ஓடுபவை. குழாய் வழி வரும் இயற்கை எரிவாயு அதைவிடக் குறைந்த அழுத்தத்தில் வருவதால் அதற்கான ஜெட்டின் (பர்னருக்குள் வாயுவைப் பாய்ச்சும் சிறு பித்தளை முனை) துளை பெரிது. அந்தப் பெரிய துளையில் எல்பிஜியை விட்டால் சுடர் கட்டுக்கடங்காமல் எழும். வேறு எரிவாயுவுக்கு மாற்ற வேண்டுமென்றால் அந்த மாடலுக்கென்று தயாரிப்பாளர் தரும் மாற்று செட் மட்டுமே வழி. அது கிடைக்காவிட்டால் கிரில்லே வேண்டாம்.

வாங்க வேண்டிய உதிரிகளின் கணக்கைப் போடுங்கள். அதே தரத்தில் புதிய கிரில்லின் விலையில் பாதியைத் தாண்டினால், பொழுதுபோக்காகச் செய்யலாம், மிச்சம் பிடிக்கும் வழியாக நினைக்க வேண்டாம்.

கழற்றுதல்

சிலிண்டர் வால்வை மூடுங்கள். திறந்த வெளியில், பக்கத்தில் தீயே இல்லாதபோது, குமிழ்களைத் திறந்து குழாயில் மிச்சமிருக்கும் வாயுவை வெளியேற்றிவிட்டு மீண்டும் மூடுங்கள். பிறகு சிலிண்டரைப் பிரித்து, நிமிர்த்திய நிலையில், வெளியே, கிரைண்டர் பொறி எட்டாத தூரத்தில் வையுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். நிலவறையிலோ மூடிய கொட்டகையிலோ சிலிண்டரை வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் படம் எடுங்கள். குறிப்பாக இக்னைட்டர் (பொறி தந்து பற்றவைக்கும் பாகம்) கம்பிகள் எந்தப் பர்னருக்கு எது என்பதை. கம்பித்தட்டு, கூரைத்தகடு, பர்னர், குமிழ், முன்பலகை, வால்வுகள் பூட்டிய குழாய், கடைசியில் தீப்பெட்டி என்று மேலிருந்து கீழாக வாருங்கள். வால்வுக் குழாயை ஒரே துண்டாகக் கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிடலாம். வால்வுகளைத் தனித்தனியே பிரிக்க வேண்டாம். குமிழ் தண்டு இறுகிப்போய்த் திரும்பவில்லை என்றால் வால்வை அப்படியே மாற்றுவதுதான் சரி.

துருவில் இறுகிய ஸ்க்ரூதான் இந்த வேலையில் பொறுமையைச் சோதிக்கும். துரு தளர்த்தும் எண்ணெயை அடித்து ஓர் இரவு விடுங்கள். மறுநாள் முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு சிறு திருப்பு, பிறகு தளர்த்தும் பக்கமாக, மறுபடி இறுக்கும் பக்கமாக. இப்படி முன்னும் பின்னும் அசைத்தால் துரு நொறுங்கி வழிவிடும். ஒரே பக்கமாக மல்லுக்கட்டினால் தலை முறிந்துவிடும். அலுமினியத் தீப்பெட்டியில் இரும்பு ஸ்க்ரூ ஏறியிருந்தால் இது இன்னும் மோசம். இரண்டு உலோகங்களும் சேர்ந்து அரித்துக் கிட்டத்தட்ட ஒன்றாகியிருக்கும். முறிந்தால் டிரில் போட்டு எடுத்துவிட்டு, எவர்சில்வர் போல்ட்டை ஊடே விட்டு, பின்னால் நட்டு போடுங்கள். மரையில் இறுகாமல் இருக்க ஆன்டி-சீஸ் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள். அடுத்த முறை கழற்றுபவர் நன்றி சொல்வார், அது நீங்களாகவே இருக்கலாம்.

துருவுக்கு முன் பிசுக்கு

எண்ணெய்ப் பிசுக்கின் மேல் உப்புத்தாள் போட்டால் எண்ணெயைத் தகட்டுக்குள் தேய்த்து ஏற்றுகிறீர்கள். பிறகு எந்தப் பெயின்டும் பிடிக்காது. ஆகவே முதலில் பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியால் கெட்டிக் கொழுப்பை வழித்தெடுங்கள். அதை அப்படியே சாக்கடையில் கொட்டாமல் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். பிறகு சுடுநீரும் பாத்திரம் கழுவும் திரவமும்.

மூடியின் உட்புறத்தில் கறுப்பாகப் பொருக்குப் பொருக்காக உரிவதைப் பார்த்து, பெயின்ட் உரிகிறது என்று பலர் பயப்படுவார்கள். பெரும்பாலான கிரில்களில் அது புகையும் கொழுப்பும் கருகிப் படிந்த கரி. சுரண்டினால் போதும். அங்கே பெயின்ட் அடிக்கவே கூடாது.

ஓவன் சுத்தம் செய்யும் கடுமையான நுரைகளில் காஸ்டிக் சோடா இருக்கும். அலுமினியத்தை அது கரைக்கும், பெட்டி கறுத்துக் குழி விழும். லேபிளில் அந்தப் பெயர் இருந்தால் தீப்பெட்டிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். எவர்சில்வர் பாகங்களுக்கு ஆகாதது குளோரின் பிளீச். அது புள்ளி புள்ளியாக அரிக்கும். அமிலக் கலவையோடு பிளீச் சேர்ந்தால் நச்சுவாயு வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேபினெட்: துரு எங்கிருந்து வந்தது?

பெயின்டை எடுக்கும் முன் தண்ணீர் எங்கே நின்றது என்று கண்டுபிடியுங்கள். கேபினெட் துரு எப்போதும் ஒரே மாதிரி இடங்களில்தான் தொடங்கும். அடித்தட்டின் மூலை, இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் மடிப்பு, ஸ்க்ரூ துளை, வெட்டிய விளிம்பு, சிலிண்டரின் அடிவளையம் உரசிய வட்டம். தகட்டை வெட்டிய விளிம்பில் பவுடர் கோட்டிங் (தூளாகத் தூவிச் சூட்டில் உருக்கிய பூச்சு) மெலிதாகத்தான் நிற்கும், அங்கே கீறல் விழுந்ததும் ஈரம் உள்ளே போகும். கோட்டிங்குக்கு அடியிலேயே துரு பரவி, மேலே கொப்புளமாக எழும்பும். நீங்கள் பார்ப்பது ஒரு நாணயம் அளவு என்றால் கோட்டிங்கை உரித்தபின் உள்ளங்கை அளவு இருக்கும். உப்பும் கொழுப்பும் கலந்த ஒழுக்கு இதை வேகப்படுத்தும்.

கண்ணாடி, கையுறை, தூசிமாஸ்க் மூன்றும் போட்டுக்கொண்டு, கிரைண்டரில் கம்பிக் கிண்ண பிரஷ் பூட்டித் தளர்ந்த துருவை எடுங்கள். கொப்புளங்கள் முழுவதையும் உடைத்துத் திறங்கள். பிறகு 80ஆம் நம்பர் உப்புத்தாள், அதன்பின் 120. துரு முடியும் இடத்திலிருந்து மேலும் 3 முதல் 5 செ.மீ. வரை நல்ல பெயின்டையும் சரிவாகத் தேய்த்து வாருங்கள். விரலை ஓட்டினால் படி தட்டுப்படக் கூடாது. மீதியுள்ள நல்ல பெயின்டை 240ஆம் நம்பரால் மங்கலாக்கினால் போதும், முழுவதையும் உரிக்கத் தேவையில்லை.

இப்போது தகடு மூன்று விதமாகத் தெரியும்.

பளபளக்கும் இரும்பு: எதுவும் வேண்டாம், பெயின்ட் தின்னர் தொட்ட துணியால் துடைத்து அன்றைக்கே பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு).

குழிகளுக்குள் கறுத்த துரு ஒட்டிய இடம்: துரு மாற்றித் திரவம். துருவோடு வினைபுரிந்து அதைக் கறுப்பான, நிலையான படலமாக மாற்றுவதுதான் அதன் வேலை. ஆகவே துருவே இல்லாத பளபள இரும்பில் அடித்துப் பயனில்லை. அடைஅடையாக நிற்கும் துருவின் மேல் அடித்தாலும் பயனில்லை. மேல்தோல் மட்டும் கறுத்து அடியில் துரு தொடரும். மெலிதாக அடித்து, டப்பாவில் சொன்ன நேரம் காயவிடுங்கள். பாஸ்பாரிக் அமிலம் சார்ந்தவை சிலவற்றில் காய்ந்தபின் வெண்பொடி நிற்கும், அதைத் துடைத்தெடுக்காமல் பிரைமர் அடித்தால் உரியும்.

ஓட்டை: பட்டி பூசி மறைக்காதீர்கள். அடித்தட்டு அதிர்வையும் சிலிண்டர் கனத்தையும் தாங்குவது. பட்டி விரிசல் விட்டு ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும். ஓட்டையைச் சுற்றி நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்து, 1 மி.மீ. தகட்டை எல்லாப் பக்கமும் 20 மி.மீ. படியுமாறு வைத்து, 4 மி.மீ. பாப் ரிவெட்டை (தகடுகளை ஒரு பக்கமிருந்தே பிணைக்கும் ஆணி) 40 முதல் 50 மி.மீ.க்கு ஒன்றாக அடியுங்கள். படியும் இரண்டு முகங்களிலும் முன்பே பிரைமர் அடித்திருக்க வேண்டும். பிறகு அங்கே கை போகாது. அடித்தட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் ஒட்டுப்போடுவதைவிட முழுத் தட்டையும் புதிதாக வெட்டிப் போடுவது வேலையும் குறைவு, ஆயுளும் அதிகம். 2 மி.மீ. அலுமினியத் தகடு நல்ல தேர்வு. ஆனால் அது இரும்புச் சட்டத்தை நேரடியாகத் தொடாதபடி இடையில் பெயின்ட் அல்லது ரப்பர் பட்டை இருக்கட்டும்.

கீல், கொக்கி, பிடி, ஸ்க்ரூ போன்ற சிறிய இரும்புப் பாகங்களை உரசிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து சில மணி நேரம் ஊறவிடுங்கள். துரு தானாகக் கழன்றுவரும். எடுத்ததும் கழுவி, சமையல் சோடா கரைத்த நீரில் முக்கி, சூடான காற்றால் உடனே உலர்த்துங்கள். தாமதித்தால் கண்ணெதிரே மஞ்சள் துரு பூக்கும். நாகப்பூச்சு உள்ளதையும் அலுமினியத்தையும் இந்தக் கரைசலில் போடாதீர்கள், பூச்சை அது தின்றுவிடும்.

அடுத்தது மடிப்புகள். ஸ்ப்ரே அங்கே போகவே போகாது. பிரைமரைச் சிறு பிரஷ்ஷால் மடிப்புக்குள் தள்ளிப் பூசி, காய்ந்ததும் பெயின்ட் ஏற்கும் பாலியூரிதேன் சீலன்டால் மேல்விளிம்பை மூடுங்கள். கீழ்விளிம்பைத் திறந்தே விடுங்கள். எப்படியும் உள்ளே போகும் ஈரத்துக்கு ஒரு வெளிவழி வேண்டும். அடித்தட்டின் நான்கு மூலையிலும் தண்ணீர் வடிய 8 மி.மீ. துளை ஒவ்வொன்று போட்டு, துளையின் விளிம்புக்கும் பிரைமர் தொடுங்கள். கேபினெட்டில் ஏற்கெனவே இருக்கும் காற்றுத் துளைகளை அழகுக்காக மூடிவிட வேண்டாம். கசியும் வாயு வெளியேறும் வழி அதுதான்.

எந்தப் பெயின்ட் எங்கே?

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். கிரில் என்றாலே வெப்பம் தாங்கும் பெயின்ட் என்று நினைத்துக் கேபினெட் முழுக்க அதையே அடித்துவிடுகிறார்கள். சிலிகான் அடிப்படையிலான அந்தப் பெயின்ட் சூட்டில் வெந்தால்தான் இறுகும். பல வகைகளுக்கு 200 டிகிரி செல்சியஸையொட்டிய சூடு தேவை. கேபினெட் அந்தச் சூட்டை எட்டவே எட்டாது. வேகாத பெயின்ட் மெத்தென்றே இருக்கும், நகம் பட்டால் கீறும், ஈரத்தையும் சரியாகத் தடுக்காது. ஒரு மழைக்காலத்துக்குள் துரு திரும்பிவிடும்.

கேபினெட்டுக்கு எபாக்சி பிரைமர் அல்லது ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் இரண்டு கோட், அதன்மேல் நல்ல எனாமல் இரண்டு கோட். வெட்டிய விளிம்புக்கும் ரிவெட் தலைக்கும் முதலில் பிரஷ்ஷால் ஒரு கோட் தனியாகக் கொடுங்கள். தீப்பெட்டியைத் தொடும் மேல்விளிம்பு மட்டும் விதிவிலக்கு. அங்கே எனாமல் கருகும், வெப்பம் தாங்கும் பெயின்டே அடியுங்கள்.

தீப்பெட்டியின் வெளிப்புறத்துக்கும் மூடியின் வெளிப்புறத்துக்கும் 600 டிகிரி வகைப் பெயின்ட். சாதாரணப் பிரைமரை அடியில் போட்டால் அது வெந்து உரிந்து மேல்பெயின்டையும் கூட்டிப் போகும். மூடி பீங்கான் பூச்சு உள்ளதாக இருந்தால் கழுவித் துடைத்தால் போதும், பெயின்ட் வேண்டாம். டப்பாவை 25 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, மெல்லிய கோட்டாக, டப்பாவில் சொன்ன இடைவெளி விட்டு அடியுங்கள். ஒரே கோட்டில் கறுப்பாக்க நினைத்தால் வழியும். உணவு படும் உட்பகுதியிலும் கம்பித்தட்டிலும் எந்தப் பெயின்டும் கூடாது.

பர்னர், ஜெட், கம்பித்தட்டு

பர்னரைத் தட்டி உள்ளிருக்கும் துருத் துகளைக் கொட்டுங்கள். வெஞ்சுரிக் குழாய்க்குள், அதாவது காற்றும் வாயுவும் கலக்கும் பகுதிக்குள், நீண்ட வளையும் பிரஷ்ஷை விட்டு இழுங்கள். சிலந்திகள் அங்கே வலை கட்டும். வலை அடைத்தால் வாயு பின்னோக்கி வந்து முன்பலகைக்குப் பின்னால் எரியும், குமிழும் கையும் கருகும். ஓரமாகக் கிடந்த கிரில்லில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். துளைகளைக் கம்பி பிரஷ்ஷால் குறுக்காகத் தேயுங்கள், நீளவாக்கில் தேய்த்தால் அழுக்கு ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குப் போகும். இரண்டு துளைகள் சேர்ந்து ஒன்றாகியிருந்தாலோ, பக்கவாட்டில் பிளந்திருந்தாலோ பர்னரை மாற்றுங்கள். மாற்றும்போது நீளம், வெஞ்சுரி வாயின் விட்டம், போல்ட் துளையின் இடம் மூன்றையும் அளந்து வாங்குங்கள்.

ஜெட்டுக்குப் பித்தளைத் துளை. பல் குத்தும் குச்சியோ காற்றோ போதும். ஊசியோ டிரில் முனையோ விட்டால் துளை பெரிதாகிச் சுடரின் அளவே மாறிவிடும்.

வார்ப்பிரும்புக் கம்பித்தட்டில் துரு இருந்தாலும் பெரும்பாலும் மீட்கலாம். தேய்த்துக் கழுவி உலர்த்தி, சமையல் எண்ணெயை மிக மெலிதாகத் தடவி, 200 முதல் 230 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்குங்கள். எண்ணெய் அதிகமானால் பிசுபிசுக்கும். பீங்கான் பூச்சு உதிர்ந்த தட்டையும் குரோம் உரியும் தட்டையும் தூக்கிப்போடுங்கள், உரிந்தது உணவில்தான் சேரும். கம்பி பிரஷ் பயன்படுத்திய இடத்தை ஈரத்துணியால் துடைத்து, முறிந்த இழை எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த இழை தொண்டையில் குத்தி மருத்துவரிடம் போக நேர்ந்தவர்கள் உண்டு.

பூட்டுதல், கசிவுச் சோதனை, முதல் தீ

ஹோஸும் ரெகுலேட்டரும் பழையவை நன்றாகத் தெரிந்தாலும் புதிதாக மாற்றுங்கள். உள்ளே இறுகிய ரப்பர் வெளியே தெரியாது. புதிய ரெகுலேட்டரின் அழுத்தம் ஸ்டிக்கரில் உள்ளதோடு பொருந்த வேண்டும். கூம்பு முகத்தோடு கூம்பு முகம் சேரும் இணைப்பில் டேப் சுற்றக் கூடாது, அங்கே உலோகமே அடைப்பு. டேப் சரியாக உட்காரவிடாமல் கெடுக்கும். பர்னரைப் பூட்டும்போது வெஞ்சுரியின் வாய் ஜெட்டின் மேல் நேராகப் படிந்திருப்பதை ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். நழுவியிருந்தால் வாயு கேபினெட்டுக்குள் கொட்டும். தீப்பெட்டிக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருந்த வெப்பத் தகடு தேவையற்ற துண்டுபோலத் தெரியலாம். அதை மிச்சம் வைத்துவிட வேண்டாம்.

குமிழ்கள் எல்லாம் மூடியிருக்க, சிலிண்டரை மெதுவாகத் திறங்கள். பாத்திரம் கழுவும் திரவமும் தண்ணீரும் சரிபாதி கலந்து, சிலிண்டர் இணைப்பு, ரெகுலேட்டரின் இரு முனை, ஹோஸின் முழு நீளம், குழாய் இணைப்பு, ஒவ்வொரு வால்வின் தண்டு என்று பிரஷ்ஷால் தடவுங்கள். குமிழி வளர்ந்தால் கசிவு. சிலிண்டரை மூடி, இறுக்கி அல்லது மாற்றி, மறுபடி சோதியுங்கள். தீக்குச்சியால் சோதிக்கும் பழக்கத்தைப் பார்த்துக் கற்றிருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

பற்றவைக்கும்போது மூடி திறந்தே இருக்க வேண்டும். 5 விநாடிக்குள் பற்றாவிட்டால் குமிழை மூடி 5 நிமிடம் காத்திருங்கள். இக்னைட்டர் பொறி வராவிட்டால் பேட்டரி முனையின் பச்சைப் பூப்பையும், வெடித்த பீங்கானையும், பொறி முனைக்கும் பர்னருக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். அந்த இடைவெளி 3 முதல் 5 மி.மீ. இருக்க வேண்டும்.

சுடர் நீலமாக, நுனியில் சிறிது மஞ்சளோடு இருந்தால் சரி. முழுக்க மஞ்சளாக, புகையோடு ஆடினால் காற்று போதவில்லை, வெஞ்சுரி வாயிலுள்ள காற்றுத் தகட்டைச் சற்றுத் திறங்கள். துளையை விட்டு எழும்பி இரைந்தால் காற்று அதிகம். ஒரு பர்னர் மட்டும் மங்கினால் அதன் ஜெட்டோ வெஞ்சுரியோ அடைத்திருக்கிறது. எல்லாப் பர்னர்களும் சேர்ந்து சோம்பினால் ரெகுலேட்டரின் பாதுகாப்புத் தடுப்பு விழுந்திருக்கலாம். குமிழ் திறந்திருக்கும்போது சிலிண்டரைப் படாரென்று திறந்தால் சில வகை ரெகுலேட்டர்களில் அப்படி நடக்கும். எல்லாவற்றையும் மூடி, ரெகுலேட்டரைப் பிரித்து, ஒரு நிமிடம் விட்டுப் பூட்டி, இந்த முறை மெதுவாகத் திறங்கள். முன்பலகைக்குப் பின்னால் சுடர் தெரிந்தால் குமிழைத் தொட வேண்டாம், நேராகச் சிலிண்டரை மூடுங்கள்.

புதிய பெயின்டை டப்பாவில் சொன்ன படிகளில் வேக வைக்க வேண்டும். பொதுவாகச் சிறு தீயில் தொடங்கி, ஆறவிட்டு, மறுபடி சற்று அதிகம். முதல் சூட்டில் புகையும் நாற்றமும் வரும். அது தீரும்வரை எதையும் சுட வேண்டாம்.

கிரில் முழுக்க ஆறி உலர்ந்த பிறகே உறை போடுங்கள். ஈரத்தோடு மூடிய உறை மழையைவிட வேகமாகத் துருவைக் கூட்டிவரும். கொழுப்புத் தட்டைக் கட்டாயம் காலி செய்யுங்கள். உபரிச் சிலிண்டரைக் கேபினெட்டுக்குள் வைக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிலிண்டரை எடுத்துவிட்டு, அடித்தட்டின் வடிதுளைகள் அடைத்திருக்கின்றனவா என்று குச்சி விட்டுப் பார்த்து, கீறல் விழுந்த இடத்தில் பிரைமரும் எனாமலும் தொட்டுவிடுங்கள்.